மர வில் சீராக வளைய: முதன்முறை செய்பவர்களுக்கு

1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில், இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எல்லை போகிற இடத்தில், சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவனின் உடல் கிடைத்ததே, ஓட்ஸி என்று பெயர் வைத்தார்களே, அவன் பக்கத்தில் ஒரு வில்லும் இருந்தது. யூ மரத்தில் செதுக்கியது, நீளம் 1.82 மீட்டர், அவனைவிட உயரம். ஆனால் அது முடிக்காத வில். கோடரி கொத்திய தடம் மரத்தில் அப்படியே தெரிகிறது, நாண் மாட்டுவதற்கான குதைகூட வெட்டவில்லை. நாம் இங்கே தொடங்கப்போகிற இடமும் கிட்டத்தட்ட அதுதான்: உருவம் வந்துவிட்டது, வளைவு வரவில்லை.

இந்த வளைவைக் கொண்டுவரும் வேலையை ஆங்கிலத்தில் டில்லரிங் என்கிறார்கள். நான் ‘வளைவு பார்ப்பது’ என்றே சொல்லிப் பழகிவிட்டேன், ஏனென்றால் முக்கால்வாசி நேரம் பார்ப்பதில்தான் போகிறது, செதுக்குவது கால்வாசிதான். வில்லை இழுக்கும்போது மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே அளவில் வளைய வேண்டும், ஒவ்வொரு பாதிக்குள்ளும் பாரம் ஒரே இடத்தில் குவியாமல் நீளம் முழுக்கப் பரவ வேண்டும். அதற்கு விறைப்பான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் மரத்தை எடுக்கிறோம், நன்றாக வளைகிற இடத்தைத் தொடாமல் விடுகிறோம். வேறு ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் ஒவ்வொரு இழைப்புக்கும் முன்னால் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் சொல்லப்போகும் பெயர்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வில்லைப் பிடித்து நிற்கும்போது குறியைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு, நம்மைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு. நடுவில் பிடி. பிடியின் தடிப்பு மெல்ல இறங்கி வளையும் பகுதியோடு சேரும் இடத்தைச் சரிவு என்று சொல்கிறேன். இரண்டு நுனியிலும் நாண் உட்காரும் வெட்டு குதை. இழுக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். முதுகில் ஒரு நார் அறுந்தாலும் அங்கிருந்து பிளவு கிளம்பும், அதனால் முதுகைத் தொடவே கூடாது. செதுக்கல் எல்லாம் வயிற்றுப் பக்கம்தான்.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். மரத்தின் விறைப்பு அகலத்துக்கு நேர் விகிதம், ஆனால் தடிப்புக்கு மும்மடிப் பெருக்கம். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு எடுத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். தடிப்பில் அதே அளவு எடுத்தால் 27 சதவீதம் போய்விடும். 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள இடத்தில் வெறும் 1 மில்லிமீட்டர் எடுத்தால் அந்த இடம் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இளகிவிடுகிறது. இழைப்புளியை வேகமாக நான்கு இழுப்பு இழுத்தால் அந்த 1 மில்லிமீட்டர் போய்விடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கையில் என்ன மரம் இருக்க வேண்டும்

முதல் வில்லுக்கு நேரான இழை ஓடும் ஆஷ் அல்லது ஹிக்கரி பலகை நல்லது. பலகையின் முகத்தில் இழை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓரத்துக்கு வெளியே ஓடிப்போகாமல் போக வேண்டும். கடையில் இருபது பலகையைப் புரட்டிப் பார்த்து ஒன்றை எடுத்தாலும் தப்பில்லை, இந்த இடத்தில் கூச்சப்படவே வேண்டாம். நீளத்துக்கு ஒரு கணக்கு: இழுக்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு, அதோடு பிடிக்கும் சரிவுக்கும் சேர்த்து 8 முதல் 10 அங்குலம். 28 அங்குலம் இழுப்பவருக்கு 66 அங்குலம் வரும், முதல் முறை என்பதால் 68 வைத்துக்கொள்ளுங்கள். அகலம் பிடியிலிருந்து பாதித் தூரம் வரை 45 மில்லிமீட்டர், பிறகு நுனிக்குப் போகப்போகக் குறுகி 12 அல்லது 13. தடிப்பு சரிவுப் பக்கம் 16, நுனியில் 12 என்று தொடங்கலாம். குறி 40 பவுண்டு இழுவிசை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் ஆசைப்படுவது இரண்டாவது மூன்றாவது வில்லில் இருக்கட்டும்.

மூங்கிலிலும் செய்யலாம். நம் நாட்டில் பீல் பழங்குடி மக்கள் செய்யும் வில் மூங்கில்தான், நாணைக்கூட மூங்கில் பட்டையிலேயே கட்டுவார்கள். தடித்த சுவருள்ள முற்றிய மூங்கிலைப் பிளந்தால் பளபளப்பான வெளித்தோல் முதுகு ஆகிவிடும், உள்பக்கம் வயிறு. வெளித்தோலில் கத்தி படக்கூடாது, கணுக்களில் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் தடிப்பு விட வேண்டும். மற்றபடி கீழே வரும் எல்லாம் மூங்கிலுக்கும் பொருந்தும்.

மரம் காய்ந்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தராசில் வைத்து எடையை எழுதி வையுங்கள், வாரம் ஒரு தடவை மறுபடி போடுங்கள், எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. ஈர மரம் உடையாது, ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும்.

வளைக்கத் தொடங்கும் முன் முதுகின் இரண்டு ஓரங்களையும் உப்புத்தாளால் உருட்டி விடுங்கள். கூரான விளிம்பில்தான் சிலாம்பு முதலில் கிளம்பும். ஐந்து நிமிட வேலை, ஆனால் பலபேர் விட்டுவிடுகிறார்கள்.

தரையில் ஊன்றிப் பார்ப்பது

முதல் சோதனைக்கு நாணே வேண்டாம். ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் பிடியை அழுத்தி, மறு கையால் மேல் நுனியைப் பிடித்துக்கொண்டு, வயிறு உங்கள் பக்கம் இருக்கும்படி லேசாக வளைத்துப் பாருங்கள். தரையில் ஊன்றிய பாதி வளைய வேண்டும். இரும்புக் கம்பி மாதிரி நின்றால் வயிற்றில் சரிவிலிருந்து நுனி வரை நீளமாக, ஒரே மாதிரி, இழைப்புளியோ மர அரமோ போட்டு எடுங்கள். பிறகு திருப்பிப் போட்டு அடுத்த பாதி. இரண்டு பாதியும் உள்ளங்கைக்கு ஒரே மாதிரி எதிர்ப்பு காட்டும் வரை இப்படிப் போகலாம். கண்ணைவிடக் கை இந்தக் கட்டத்தில் நன்றாகச் சொல்லும்.

இந்த நேரத்தில் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் பின்னால் பாதிச் சிக்கல் வராது. மரத்தை எடுக்கும்போது குட்டையாகச் சுரண்டாதீர்கள். ஒரு சாண் நீளமாவது இழுப்பு ஓட வேண்டும், இரு ஓரத்திலும் மெலிந்து முடிய வேண்டும். ஒரே இடத்தில் குழி விழுந்தால் அந்தக் குழிதான் நாளைக்கு உடையப்போகும் இடம். வயிற்றின் குறுக்கே பென்சிலால் கோடு கோடாகக் கிறுக்கிவிட்டு, அந்தக் கிறுக்கல் முழுக்கப் போகும் வரை இழைத்தால் எல்லா இடத்திலும் சமமாக எடுத்தது உறுதியாகிவிடும்.

நீள நாணும் இழுப்புக் கட்டையும்

தரையில் ஊன்றும்போது ஒவ்வொரு பாதியும் ஓரளவு வளைகிறது என்றால் குதை வெட்டலாம். நுனியிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, இரண்டு பக்கவாட்டிலும், உருட்டு அரத்தால் 45 பாகைச் சாய்வில். முதுகுக்குக் குறுக்கே வெட்டு ஓடக்கூடாது, பக்கவாட்டோடு நிற்கட்டும். நுனியை இப்போதே மெலிதாக்க வேண்டாம், அகலமாக விட்டு வையுங்கள், காரணம் பின்னால் வரும்.

இழுப்புக் கட்டை என்று நான் சொல்வது சுவரில் உறுதியாக அடித்த ஒரு மரச்சட்டம். உச்சியில் பிடி உட்கார ஒரு தொட்டில், அடியில் ஒரு கப்பி. வில்லை முதுகு மேலே பார்க்கத் தொட்டிலில் வைத்து, நாணில் கொக்கி மாட்டி, கயிற்றைக் கப்பி வழியாகக் கொண்டுவந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று இழுக்கிறோம். கயிற்றுக்கும் நாணுக்கும் நடுவில் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசை மாட்டினால் எத்தனை பவுண்டு என்று தெரியும். தள்ளி நிற்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, முழு வில்லும் ஒரே பார்வையில் தெரியும். இன்னொன்று, உடைந்தால் துண்டு முகத்துக்கு வராது. கண்ணாடி போடுங்கள், குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

முதல் நாண் நீளமானது, குதைக்குக் குதை மாட்டினால் தொய்ந்து தொங்கும். தொய்வு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் ரொம்பத் தொங்கும் நாண் நுனிகளை நிஜ வில்லில் இழுப்பதைப் போல இழுக்காது, வளைவு தப்பாகத் தெரியும். நீட்சி குறைந்த டாக்ரான் (பாலியஸ்டர்) நூலாக இருக்கட்டும், நைலான் கயிறு வேண்டாம்.

இனி இரண்டு விதிகள், இவற்றை மீறவே கூடாது. முதலாவது, எந்தக் கட்டத்திலும் குறியான எடைக்கு மேல் இழுக்காதீர்கள். 40 பவுண்டு வில் என்றால், வில் இரண்டே அங்குலம்தான் வளைந்திருந்தாலும், தராசு 40 காட்டினால் அங்கேயே நிறுத்தி இறக்குங்கள், மரத்தை எடுங்கள். இரண்டாவது, குறை கண்ணில் பட்டால் அதற்கு மேல் ஒரு விரல்கூட இழுக்காதீர்கள். நன்றாகத் தெரியட்டுமே என்று இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றும்.

என் முதல் வில் அப்படித்தான் போனது. மேல்பாதியில் நுனியிலிருந்து இரண்டு சாண் உள்ளே ஒரு இடம் மட்டும் முழங்கை மாதிரி மடங்குவதைப் பார்த்தேன். பார்த்ததும் கயிற்றை விட்டிருக்க வேண்டும். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இன்னும் இரண்டு அங்குலம் இழுத்தேன். முதலில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், தீக்குச்சி ஒடிகிற மாதிரி, அதற்கு அடுத்த கணமே அறை அதிர வெடித்து மேல் துண்டு கூரையில் மோதி விழுந்தது. உடைந்த இடத்தில் தடிப்பை அளந்தேன். பக்கத்து இடங்களைவிட ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு. அந்தத் துண்டை இன்னும் பட்டறையில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

மரத்தை எடுத்த உடனே வளைவு மாறிவிடாது என்பதும் முக்கியம். ஒவ்வொரு தடவை எடுத்த பிறகும் வில்லைக் கட்டையில் ஏற்றி, அதுவரை எட்டிய தூரத்துக்குள்ளேயே இருபது முப்பது தடவை இழுத்து விடுங்கள். அதற்கு அப்புறம்தான் புதிய வளைவு உண்மையாகத் தெரியும். இதைச் செய்யாமல் மேலும் மேலும் இழைத்தவர்கள்தான் ‘திடீரென்று எடை குறைந்துவிட்டது’ என்று புலம்புகிறார்கள்.

வளைவைப் படிப்பது

எந்த வளைவு சரி? வில்லின் வடிவத்தைப் பொறுத்தது. பிடியிலிருந்து நுனி வரை அகலம் நேர்கோட்டில் குறுகி, தடிப்பு மாறாமல் இருக்கும் வில் வட்டத்தின் ஒரு பகுதியைப் போல வளைய வேண்டும். நாம் எடுத்திருப்பது பாதித் தூரம் அகலம் மாறாமல் போய்ப் பிறகு குறுகும் வில், அதில் வளைவு முட்டை வடிவத்தின் நீளப் பக்கத்தைப் போல இருக்கும். சரிவுக்குப் பக்கத்தில் லேசாக, நடுவிலும் அதைத் தாண்டியும் நன்றாக, கடைசி ஒரு சாண் மறுபடி விறைப்பாக. சரிவுக்கு ஒட்டிய இடம் அதிகமாக வளைவதுதான் புதியவர்கள் வில்லில் நான் அதிகம் பார்க்கும் குறை. பிடிக்குப் பக்கத்தில் செதுக்கக் கைக்கு வசதியாக இருக்கிறது, நுனிப் பக்கம் எட்டிப் போகச் சோம்பல், காரணம் அவ்வளவுதான்.

கண் ஏமாற்றும். அதிலும் ஒரே வில்லை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கோணல்கூட நேராகத் தெரிய ஆரம்பித்துவிடும். அதனால் வில்லைத் தொட்டிலில் இடம் வலமாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். அல்லது அலைபேசியை ஒரே உயரத்தில் நிறுத்தி, இழுத்தபடி படம் எடுத்து, படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இதையெல்லாம்விட நம்பகமான ஒரு சாதனம் உண்டு, பத்து நிமிடத்தில் நீங்களே செய்யலாம். 15 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பக்கம் துல்லியமாக நேராக இழைத்த சின்னக் கட்டை, அதன் நடுவில் ஒரு ஓட்டை, ஓட்டையில் இறுக்கமாக ஒரு பென்சில். வில்லை இழுத்துக் கயிற்றை ஒரு கொக்கியில் ஒரு நிமிடம் கட்டி வையுங்கள், அதற்கு மேல் கட்டி வைக்க வேண்டாம். இந்தக் கட்டையை வயிற்றில் வைத்தால் வயிறு உள்வளைவாக இருப்பதால் கட்டையின் இரண்டு முனையும் தொடும், நடுவில் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி சில மில்லிமீட்டர்தான். எங்கே இடைவெளி அதிகம் என்று தேடி, அந்த இடத்தில் பென்சில் முனை மரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நீட்டி இறுக்குங்கள். இப்போது கட்டையைச் சரிவிலிருந்து நுனி வரை மெல்லத் தள்ளிக்கொண்டு போங்கள். நன்றாக வளைந்த இடத்தில் பென்சில் தொடாது. தட்டையாக, விறைப்பாக இருக்கும் இடத்தில் கோடு கிழிக்கும். அப்புறம் என்ன, கோடு விழுந்த இடத்தில் மரத்தை எடுங்கள், விழாத இடத்தைத் தொடாதீர்கள். கண்ணாடித்துண்டோ சுரண்டும் தகடோ போதும், இந்தக் கட்டத்தில் அரத்தை ஓரமாக வைத்துவிடலாம். கடைசி ஒரு சாணிலும் சரிவுக்கு ஒட்டிய இரண்டு அங்குலத்திலும் கோடு விழத்தான் செய்யும், அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒரு இடம் மட்டும் மடங்குகிறது, கீல் விழுந்துவிட்டது என்றால் பதற வேண்டாம். ஒரு பென்சிலால் அந்த இடத்தை வட்டம் போட்டு, அதற்கு இரு பக்கமும் எடுத்து, அதன் பிறகு மற்றப் பாதியையும் அதற்கு ஈடாக இறக்க வேண்டும். வில் 40-இலிருந்து 32 பவுண்டுக்கு இறங்கிவிடலாம். இறங்கட்டும். 32 பவுண்டில் நெடுநாள் நிற்கும் வில் எனக்குப் போதும், உங்களுக்கும் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

நாண் பூட்டியபின்

நீள நாணில் இரண்டு நுனியும் 5, 6 அங்குலம் ஒன்றுபோல இறங்கி, தராசும் 40-ஐத் தாண்டாமல் இருந்தால், குட்டை நாணைப் பூட்டலாம். முதலில் நாணுக்கும் பிடிக்கும் நடுவில் 3 அங்குல இடைவெளி மட்டும். பூட்டியதும் பத்து நிமிடம் உற்றுப் பாருங்கள், இங்கே தெரியும் குறைகள் நீள நாணில் தெரிந்திருக்காது. சரிசெய்த பிறகு மெல்ல 6 அங்குலத்துக்கு ஏற்றுங்கள்.

இப்போது ஒரு நுனியை மூக்குக்கு நேரே வைத்து வில்லின் நீளத்தில் பாருங்கள். நாண் பிடியின் நடுவில் ஓட வேண்டும். இடப்பக்கம் ஒதுங்கி ஓடினால் நுனியின் இடப்பக்கவாட்டில் மரத்தையும் குதையையும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள், நாண் வலப்பக்கம் நகரும். நுனியை அகலமாக விடச் சொன்னது இதற்குத்தான்.

அடுத்தது இரண்டு பாதிக்கும் உள்ள வித்தியாசம். நாம் பிடிப்பது நடுவுக்குச் சற்றுக் கீழே, அம்பு போவது கைக்கு மேலே, அதனால் கீழ்பாதிக்குப் பாரம் கூடுதல். மேல்பாதியின் சரிவு முடியும் இடத்தில் நாணிலிருந்து வயிறு வரை அளந்து, கீழ்பாதியிலும் அதே இடத்தில் அளந்தால், மேலே 3 முதல் 6 மில்லிமீட்டர் அதிகமாக இருக்க வேண்டும். அதாவது கீழ்பாதி ஒரு மயிரிழை விறைப்பு. மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவர் என்றால் இரண்டும் சமமாக இருந்தாலே போதும்.

இனி கட்டையில் ஒவ்வோர் அங்குலமாக முன்னேறுங்கள். 14, 15, 16 என்று, ஒவ்வொன்றிலும் இருபது தடவை இழுத்து, பென்சில் கட்டை ஓட்டி, தேவையானால் சுரண்டி. இந்த அளவு வில் அங்குலத்துக்கு 2 முதல் 3 பவுண்டு ஏறும், அதனால் 20 அங்குலத்தில் தராசு 30-ஐத் தாண்டினால் இரண்டு பாதியிலும் நீளம் முழுக்கச் சமமாக இறக்கலாம். ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் நாணைக் கழற்றி, முதுகை நேரான சுவர் மூலையோடோ நூல்கட்டியோ ஒப்பிட்டு, எவ்வளவு கூன் விழுந்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். ஒரு அங்குலம் வரை சாதாரணம். கூன் எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் செய்தி: அந்த இடம் தன் பங்குக்கு மேல் சுமக்கிறது, அதற்குப் பக்கத்தில் இருப்பவை சும்மா இருக்கின்றன.

முழுத் தூரத்துக்கு ஒன்றிரண்டு அங்குலம் முன்னாலேயே கட்டையில் இழுப்பதை நிறுத்திவிடுங்கள். அப்போதும் தராசு 40-ஐத் தாண்டக்கூடாது, ஆனால் முழுத் தூரத்துக்குக் கணக்குப் போட்டால் எடை குறியைவிட 3, 4 பவுண்டு கூடுதலாக வரட்டும், உப்புத்தாள் தேய்ப்பதிலும் எய்து பழக்குவதிலும் அது தானாக இறங்கும். முதல் நூறு அம்பைக் குறைந்த இழுப்பில் எய்யுங்கள். பிறகு மறுபடி ஒருமுறை பென்சில் கட்டையை ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் எங்காவது ஒரு கோடு விழும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது, அந்த விசை முழுக்க மரத்துக்குள்ளேயே திரும்பும்.

கடைசியில் ஆளி விதை எண்ணெய், நாலைந்து பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்துங்கள், சுருட்டிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். எய்யாத நேரத்தில் நாணைக் கழற்றி, வில்லைச் சுவரில் இரண்டு முளை அடித்துப் படுக்கை வாட்டில் வையுங்கள். மூலையில் சாய்த்து வைத்தால் கீழ்பாதி நாளடைவில் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும், இவ்வளவு பார்த்துப் பார்த்து நேராக்கிய நாண் மறுபடி ஓரமாக ஓடத் தொடங்கிவிடும்.